நரம்பு ஒட்டிய குட்டை வில்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

வில்லில் கோளாறு என்றதும் கை அரத்தைத் தேடும். அரத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் தராசை எடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். வில்லை அதன்மேல் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். மொரீசியஸில் நரம்பு ஒட்டிய வில்லுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. ஈரம் கண்ணுக்குத் தெரியாது, தராசு காட்டிக்கொடுத்துவிடும். கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும் இந்த எடையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

எந்த வில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 110 முதல் 120 செ.மீ. நீளம், நடுக்கையில் 4 செ.மீ. அகலம், மர உடல், முதுகில் மான் கால் நரம்பை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை, இழை இழையாகப் பிரித்து வச்சிரத்தில் (தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையில்) தோய்த்து ஒட்டியது. முதுகு என்றால் குறியைப் பார்க்கும் பக்கம். வயிறு என்றால் எய்பவரைப் பார்க்கும் பக்கம். கைப்பிடிக்கு மேலும் கீழும் இருப்பவை இரண்டு கைகள். நாண் மாட்டும் வெட்டு குதை.

இது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பழங்குடிகளின் கலை. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் வெளிப்பட்ட யாஹி இனத்து இஷி, ஜூனிபர் மரத்தில் இப்படிப்பட்ட வில்லைச் செய்து காட்டினார். சால்மன் தோலைக் காய்ச்சிப் பசை எடுத்தார். நரம்பை வாயில் போட்டு மென்று பதப்படுத்தினார். மரம் தன் நீளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு இழுபட்டாலே கிழியத் தொடங்கும். காய்ந்த நரம்போ அதைப்போலப் பல மடங்கு நீண்டும் அறாது. அதனால்தான் இவ்வளவு குட்டையான வில்லை 55 செ.மீ. வரை இழுக்க முடிகிறது.

ஆனால் அவர்கள் ஊரில் கோடை வறண்டது. நம் ஊரில் கோடைதான் மழைக்காலம், புயல் காலம். மேற்குக் கரையில் தமரின் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை; நடு மேட்டில் நன்றாக நனையும் இடங்களில் 4,000 மி.மீ. வரை. ஒரே வில் தமரினில் ஒரு மாதிரியும் மேட்டிலுள்ள கியூர்பிப்பில் ஒரு மாதிரியும் நடந்துகொள்வதில் வியப்பில்லை.

நமக்கு வாய்த்த நல்லது ஒன்று உண்டு. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட ருசா மான்தான் இன்றைக்கும் இங்கே வேட்டைக்கும் பண்ணைக்கும் ஆதாரம். வேட்டைக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது நம்முடைய குளிர்ந்த, காய்ந்த மாதங்கள். இறைச்சியை எடுத்துக்கொண்டு காலை வெட்டி வீசிவிடுவார்கள். கேட்டால் சும்மாவே தருவார்கள். நரம்பு கிடைக்கும் மாதங்களும் அதை ஒட்டிக் காயவைக்கத் தோதான மாதங்களும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. நான் ஒட்டும் வேலையை ஜூலை, ஆகஸ்ட்டில் வைத்துக்கொள்வேன். புரட்டாசி கோவிந்தன் விரதம் தொடங்கிவிட்டால் வீட்டில் தோல் காய்ச்சும் வாடைக்கு இடமில்லை.

மரத்துக்குச் சீனக் கொய்யாவைப் பாருங்கள். காட்டை அடைத்துப் பரவும் செடி. சொந்த நிலத்திலோ உறவினர் நிலத்திலோ வெட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. கனமும் உறுதியும் உள்ள மரம், தண்டும் நேராக வரும். மல்பெரியும் நல்லது. சவுக்கு வேண்டாம், காயும்போதே பிளக்கும். வெட்டியதும் தண்டின் இரு முனைக்கும் மெழுகு பூசி, நிழலில் குறைந்தது ஒரு வருடம் விடுங்கள். தேசியப் பூங்காவுக்குள் கத்தியோடு போகாதீர்கள்; அங்கே நிற்கும் சுதேச மரங்களே எண்ணிக்கையில் குறைவு.

சரி, அறிகுறிகளுக்குப் போவோம்.

“நரம்பு நாராகப் பிரியவில்லை, துண்டு துண்டாக வருகிறது”

நரம்பு உள்ளே இன்னும் காயவில்லை, அல்லது இரும்புச் சுத்தியால் அடித்திருக்கிறீர்கள். பாதி காய்ந்த நரம்பு நசுங்குமே தவிர நாராகாது. மேல் உறையையும் ஒட்டியிருக்கும் சதையையும் வழித்து எடுத்து, நிழலில் தொங்கவிட்டு, இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’கென்று ஒலிக்கும் வரை காத்திருங்கள். பிறகு கல்லில் வைத்து மரச் சுத்தியால், நடுவிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல அடியுங்கள். பல வீடுகளில் பாட்டி காலத்து ரோஸ் காரி, அதாவது அம்மிக்கல், பின்பக்கம் சும்மா கிடக்கும். அது இந்த வேலைக்கு அருமையான கல். சமையலுக்குப் புழங்குவதைத் தொடாதீர்கள். சுத்தியின் விளிம்பு படக் கூடாது, முகம்தான் பட வேண்டும்.

அடித்தபின் மஞ்சள் படிந்து பிசுக்காக இருந்தால் அது கொழுப்பு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி மறுபடி காயவையுங்கள். கொழுப்போடு ஒட்டிய நார் நிற்காது. 115 செ.மீ. வில்லுக்குக் காய்ந்த நார் 120 முதல் 150 கிராம் வேண்டும். ஒரு மானின் நான்கு கால்களில் அவ்வளவு கிடைக்காது. சீசன் முழுக்கச் சேர்த்து வையுங்கள்.

“வச்சிரத்தில் விட்டதும் நார் சுருண்டு ரப்பர் மாதிரி ஆகிவிட்டது”

சூடு அதிகம். வேறு எதையும் தேட வேண்டாம். நரம்பும் வச்சிரமும் ஒரே புரதம்; 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் நார் சட்டென்று சுருங்கித் தன் நீளத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். அப்படிச் சுருங்கியது திரும்பி நீளாது. அதை வச்சிரப் பானையிலேயே போட்டுவிடுங்கள், பசையாகவாவது பயன்படட்டும்.

இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்வதுதான் வழி. வச்சிரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 60 பாகையை ஒட்டி உருக்குங்கள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கிண்ணத்தில் ஊற்றி, 45 முதல் 50 பாகைக்கு இறங்கியபின் நாரைத் தோயுங்கள். வெப்பமானி இல்லையென்றால் விரலை விடுங்கள். விரலை எடுக்கத் தோன்றாத சூடுதான் நாருக்கும் ஏற்ற சூடு. தோய்க்கும் முன் நாரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் பசை நன்றாக உள்ளே இறங்கும்.

“வச்சிரம் பிடிக்கவே இல்லை” அல்லது “நாறுகிறது”

கொதிக்கவிட்ட வச்சிரம் வலுவிழக்கும். மூன்று நாள் வெளியில் இருந்ததும் அப்படித்தான். கடையில் வாங்கிய மணி வச்சிரமானால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், சில மணி நேர ஊறல், அப்புறம் மெல்லிய சூடு. வில்லில் தடவும் முன் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, சுத்தியால் உடைத்துப் பாருங்கள். ஒட்டிய இடம் விட்டுவராமல் மரமே பிய்ந்து வந்தால் வச்சிரம் நல்லது. மிச்சத்தை உறைபெட்டியில் வையுங்கள்.

“காய்ந்தபின் நரம்பு ஓரத்தில் தூக்குகிறது, சில இடத்தில் உரிந்து வருகிறது”

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். உடனே பசையை விட்டு அமுக்காதீர்கள். தூக்கிய இடத்தைக் கொஞ்சம் நெம்பி, வெளிச்சத்தில் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.

அடிப்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்து, மரமும் சுத்தமாக இருந்தால் வச்சிரம் மரத்தைப் பிடிக்கவே இல்லை. மரத்தில் கை எண்ணெய் பட்டிருக்கும், அல்லது இழைப்புளி போட்ட வழவழப்பு அப்படியே இருந்திருக்கும். அடிப்பக்கத்தில் வெள்ளையாக, பொடியாகத் தெரிந்தால் நார் மரத்தில் உட்காரும் முன்பே வச்சிரம் உறைந்துவிட்டது. ஜூலைக் காலையில் கியூர்பிப்பில் 15 பாகை இருக்கும். அந்தக் குளிர்ந்த மரத்தில் சூடான நாரை வைத்தால் தொட்ட நொடியே பசை கட்டிவிடும். மூன்றாவது வகை: அடிப்பக்கத்தில் மர இழைகளே பிய்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அப்படியானால் பசையைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. தடிமனான அடுக்கை ஒரே மூச்சில் வைத்து, வெயிலிலோ மின்விசிறியின் நேர் காற்றிலோ அவசரமாகக் காயவைத்ததால் மேல்தோல் முதலில் சுருங்கி ஓரத்தை மரத்தோடு பிடுங்கியிருக்கிறது.

ஓரத்தில் மட்டும் என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் கால் மணி நேரம் வையுங்கள். நார் இளகியதும் மருந்து ஊசிக்குழலால் நீர்த்த சூடான வச்சிரத்தை உள்ளே செலுத்தி, பழைய வேட்டித் துணியை நாடாவாகக் கிழித்து இறுக்கமாகச் சுற்றி, ஒரு வாரம் விடுங்கள். நடுக்கையில் ஒரு சாணுக்கு மேல் கழன்றிருந்தால் ஒட்டுப்போட்டுப் பிழைக்கவைக்க முயலாதீர்கள். ஈரத் துணியைச் சுற்றி இரவு முழுக்க வைத்தால் காலையில் நரம்பு முழுவதும் பட்டையாக உரிந்து வரும். அதையே அலசிப் பிரித்து மறுபடி ஒட்டலாம். வச்சிரத்தின் பெரிய குணம் இது. எத்தனை முறையும் பின்னால் போகலாம். இன்றைய பிசின் பசைகளில் ஒட்டினால் இந்த வசதி கிடையாது. நான் வச்சிரத்தை விடாமல் பிடித்திருப்பதற்கு முதல் காரணம் அதுவே.

மறுபடி ஒட்டும்போது முதுகை இரும்பறுக்கும் ரம்பத்தின் பற்களால் நீளவாக்கில் கீறுங்கள். சாம்பல் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதன்பின் வெறும் கையால் தொடாதீர்கள். நீர்த்த வச்சிரத்தை மூன்று நான்கு முறை பூசிப் பூசிக் காயவையுங்கள். மரம் குடிப்பதைக் குடித்து முடிக்கட்டும். ஒட்டும் அன்று மரத்தை அடுப்புப் பக்கம் வைத்துக் கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். நார்க் கற்றையை வச்சிரத்தில் தோய்த்து, இரண்டு விரலிடையே வழித்து, கைப்பிடியிலிருந்து நுனியை நோக்கி வையுங்கள். ஒரு கற்றையின் முனை அடுத்த வரிசைக் கற்றையின் நடுவுக்கு வர வேண்டும். முனைகள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அந்த இடம் பலவீனம். இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வாரம். எல்லாம் காய்ந்தபின் மொத்தத் தடிமன் 3 மி.மீ. அளவு இருந்தால் போதும்.

“முதலில் நன்றாக எதிர்வளைவோடு இருந்தது, இப்போது கூன் விழுந்துவிட்டது”

தராசு வேலை செய்யும் இடம் இது. காயும்போது நரம்பு சுருங்கி வில்லை முதுகுப் பக்கம் இழுக்கும். நாண் இல்லாத வில் எய்பவரிடமிருந்து விலகி வளைந்து நிற்கும். அந்த எதிர்வளைவு போய் எய்பவர் பக்கம் வளைந்து தங்கிவிட்டால் அது கூன். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

எடையைப் பாருங்கள். வில் காய்ந்து முடிந்தபோது 480 கிராம் இருந்து இப்போது 495 இருந்தால், மீதி 15 கிராம் தண்ணீர். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் தன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 65 சதவீதத்தில் 12, 80 சதவீதத்தில் 16. நரம்பும் வச்சிரமும் மரத்தைவிட இன்னும் பேராசையோடு குடிக்கும். பிப்ரவரியில் புயல் மழை ஒரு வாரம் நின்று பெய்தால் வாக்குவாவில் சுவரில் மாட்டியிருக்கும் வில் தானாகவே தளர்ந்துவிடும். அந்த நிலையில் அதை நாணேற்றி இழுப்பதுதான் தவறு. தளர்ந்த நரம்பு பாரத்தைச் சுமக்காது, முழுப் பாரமும் ஈர மரத்தின் மேல் விழும், தற்காலிகத் தளர்ச்சி நிரந்தரக் கூனாகிவிடும். மழைக்காலத்தில் எடை கூடிய வில்லைத் தொடாதீர்கள்.

ஈரத்தால் வந்த கூனுக்கு மருந்து சூட்டுப் பெட்டி. கொரியாவில் கொம்பும் நரம்பும் சேர்ந்த வில்லைப் பயன்படுத்துபவர்கள் அதை இளஞ்சூடான பெட்டியில் வைத்துக் காப்பது பழைய வழக்கம். அவர்களுக்கும் நம்மைப் போல் ஈரமான மழைக்கோடை. நாம் ஒரு நீளமான மரப்பெட்டி செய்து, அடியில் சூடு தரும் பழைய வகைச் சிறு குமிழ் விளக்கு ஒன்று, மேலேயும் கீழேயும் சில துளைகள் போட்டால் போதும். உள்ளே 32 முதல் 35 பாகை. 24 பாகையில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை 34 பாகைக்குச் சூடாக்கினாலே அதன் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கு வந்துவிடும்; தண்ணீரை வெளியேற்றும் இயந்திரம் எதுவும் தேவையில்லை. 40 பாகையைத் தாண்டவிடாதீர்கள், மரம் மிதமிஞ்சிக் காய்ந்து வயிறு நொறுங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுப்போவது அதைவிட மோசம். இரண்டு வாரத்தில் எடை பழைய அளவுக்கு இறங்கும், எதிர்வளைவும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

எடை ஏறவில்லை, ஆனால் கூன் இருக்கிறது என்றால் வயிற்று மரம் நசுங்கியிருக்கிறது. பாம்பூவிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த வில் அப்படி. ஆகஸ்ட் கடைசியில் நரம்பு ஒட்டி, செப்டம்பரிலேயே நாணேற்றி முழுதாக இழுத்திருந்தார். மேல் கையில் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, விரலை வைத்தால் தெரியும்படி ஒரு மடிப்பு. மற்ற இடமெல்லாம் விறைப்பு. முழு வளைவையும் அந்த நான்கு விரற்கிடை மட்டும் தாங்கியிருந்தது. அந்த இடத்தைத் தொடவே கூடாது. அதற்கு இருபுறமும் விறைத்து நிற்கும் பகுதிகளின் வயிற்றை மெல்லச் சுரண்டி, வளைவைப் பங்குபோட வைக்க வேண்டும். இழுவிசை குறையும், 18 கிலோ வில் 14 கிலோ ஆகும். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஜூலையில் வில்லை எதிர்ப்பக்கமாகக் கயிற்றால் கட்டி, நுனிகள் 5 செ.மீ. எதிர்வளைவில் நிற்க, இன்னொரு மெல்லிய நரம்பு அடுக்கு போட்டால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பும்.

எப்போது நாணேற்றலாம் என்பதற்குக் காலண்டர் கணக்கு சொல்லத் தயங்குகிறேன். கடைசி அடுக்குக்குப் பின் இரண்டு மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம். ஆனால் வாரம் ஒருமுறை எடை பாருங்கள்; தொடர்ந்து நான்கு வாரம் எடை அசையாமல் நின்றால் அப்போது ஏற்றுங்கள். ஆகஸ்டில் ஒட்டியது நவம்பருக்குள் அந்த நிலைக்கு வரவில்லையென்றால் சூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும், ஏனென்றால் டிசம்பரிலிருந்து காற்றே ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடும்.

“வயிற்றில் குறுக்காக மெல்லிய கோடுகள்”

சாய்வெளிச்சத்தில் பாருங்கள், நகத்தால் வருடுங்கள். நகம் தட்டினால் அது மரம் நொறுங்கிய கோடு. நரம்பு முதுகில் வலுவாக இழுக்க, வயிறு அந்த அமுக்கத்தைத் தாங்க முடியாமல் உள்ளே மடிகிறது. நரம்பு ஒட்டிவிட்டால் எந்த மரமும் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நரம்பு முதுகை மட்டும்தான் காக்கும். வயிற்றுக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை, சுமைதான் கூடும். எனவே மென்மரம் எடுத்தவர்கள் அகலத்தைக் கூட்டியிருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள் ஒரே இடத்தில் என்றால், மேலே சொன்னபடி பக்கத்துப் பகுதிகளைச் சுரண்டி, இழு நீளத்தையும் 5 செ.மீ. குறைத்துக்கொண்டு பல காலம் எய்யலாம். கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட நினைக்காதீர்கள். அந்த இடம் இன்னும் மெலிந்து இன்னும் மடியும். கோடு கையின் முழு அகலத்துக்கும் ஓடி, விளிம்பில் படியாகத் தெரிந்தால் அந்த வில்லை நாணேற்ற வேண்டாம். நரம்பை உரித்து எடுத்து அடுத்த மரத்துக்கு வையுங்கள். உடைகிற வில்லின் துண்டு முகத்தை நோக்கித்தான் வரும். சந்தேகத்துக்குரிய வில்லைச் சோதிக்கும்போது சுவரில் பொருத்திய மரத்தில் வைத்து, கயிறும் கப்பியும் கொண்டு தூரத்திலிருந்து இழுங்கள்.

“ஒரு கை மட்டும் அதிகம் வளைகிறது”

வளையாத கையின் வயிற்றைச் சுரண்டுங்கள். வளையும் கையில் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் முப்பது முறை பாதியளவு இழுத்துவிட்டுப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். முதுகு நரம்பில் அரம் போட்டு வளைவைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அறுபட்ட நார் தூக்கும்.

“நாணேற்றினால் கை முறுக்கிக்கொள்கிறது, நாண் ஓரமாக ஓடுகிறது”

நரம்பு ஒட்டும் முன்பே தண்டில் இருந்த முறுக்காக இருந்தால், அதை அப்போதே ஆவியில் வாட்டி நிமிர்த்தியிருக்க வேண்டும். ஒட்டியபின் சூடு காட்ட வழியில்லை. வச்சிரம் இளகும், நார் சுருங்கும். இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். கையின் இரண்டு விளிம்புகளில் எது விறைப்பாக நிற்கிறதோ அந்த விளிம்பின் வயிற்றுப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி மற்ற விளிம்புக்கு இணையாக்குங்கள். குட்டை வில்லில் சிறு முறுக்கும் பெரிதாகத் தெரியும், நாண் நழுவினால் வில் தன்னைத்தானே புரட்டிக்கொண்டு உடையும். ஆகவே நாண் கைப்பிடியின் அகலத்துக்குள் வந்து நிற்கும்வரை முழு இழுப்பு வேண்டாம்.

புது முறுக்கு, அதாவது ஒட்டும்போது இல்லாதது, பெரும்பாலும் ஒரு பக்கம் நார் அதிகம் போனதால் வரும், அல்லது சுவரோரம் சாய்த்துவைத்து ஒரு விளிம்பு மட்டும் காய்ந்ததால் வரும். காயும் வில்லைக் கிடையாகத் தொங்கவிடுங்கள், காற்று எல்லாப் பக்கமும் படட்டும்.

“இழுக்கும்போது ‘பட் பட்’ என்கிறது”

புது வில்லில் முதல் சில இழுப்பில் மேற்பரப்பு வச்சிரத்தில் மயிரிழைக் கோடுகள் விழும், சிறு சத்தமும் வரும். அது நாரை ஒன்றும் செய்யாது. ஆழமான ‘தடக்’ என்ற சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள். நாணை இறக்கி, விரல் முட்டியால் முதுகு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் ஒலி உள்ளீடற்றுக் கேட்டால் நரம்பு அங்கே மரத்தை விட்டிருக்கிறது. உரிதலுக்குச் சொன்ன மருத்துவம்தான் இதற்கும்.

“இழுவிசை இருக்கிறது, அம்பு போக மாட்டேன் என்கிறது”

நுனிகளைப் பாருங்கள். நரம்பு மரத்தைவிடக் கனம். கைப்பிடி தொடங்கி நுனி வரை ஒரே தடிமனில் ஒட்டினால் நுனி பாரமாகி, விட்ட வேகம் முழுதும் நுனியைத் தூக்குவதிலேயே கரைந்துவிடும். கடைசி ஒரு சாணில் ஒரு அடுக்கு போதும். மரத்தையும் பக்கவாட்டில் குறுக்கி, குதை அருகே ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு இறக்குங்கள். தடித்த நாணும் இதே கெடுதலைச் செய்யும். நுனியில் குறை இல்லையென்றால் மறுபடி தராசு: ஈர வில் மந்தமான வில்.

“குதை பக்கம் பிளவு”

மெல்லிய நாரை வச்சிரத்தில் தோய்த்துக் குதைக்குக் கீழே நெருக்கமாகச் சுற்றுங்கள். காய்ந்து சுருங்கும்போது அதுவே இறுக்கிப் பிடிக்கும். இதைப் புது வில்லுக்கே செய்துவிட்டால் பிளவு வராது.

“முதுகில் சாம்பல் நிறப் பூஞ்சை” “சின்னச் சின்னத் துளைகள்”

பூஞ்சை வந்தால் ஈரம் உள்ளேயே தங்கியிருக்கிறது என்று பொருள். உலர்ந்த துணியால் துடைத்து, சாராவியில் (ஆல்கஹாலில்) நனைத்த பஞ்சால் லேசாக ஒற்றி, சூட்டுப் பெட்டியில் வையுங்கள். தண்ணீர்த் துணி வேண்டாம். எடை நிலைத்தபின் அரக்கு வார்னிஷை மெல்லிய பூச்சாகச் சில முறை பூசி, மேலே தேன்மெழுகு தேயுங்கள். பூச்சு ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும். மழையில் ஒரு மணி நேரம் தாங்கும், மழைக்காலத்தைத் தாங்காது. ஈர வில்லின்மேல் பூசினால் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்தது போலாகும், ஆகவே அவசரப்படாதீர்கள்.

துளைகளும் அடியில் மாவு போன்ற பொடியும் இருந்தால் தோல் தின்னும் வண்டு. வில்லைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் உறை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் குளிர்ந்த வில்லின்மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். எலியும் நாயும் நரம்பின் வாடைக்கு வரும். காய்கிற காலத்தில் வில்லைக் கூரை விட்டத்திலிருந்து கம்பியில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கவிடுங்கள்.